ஒரே 3584 கோர், இரண்டு கார்டுகள்: பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒப்பிடுவது எப்படி?

என்விடியா 2017 மார்ச்சில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டில் 3584 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள். அதே நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொண்டுவந்த ஆர்டிஎக்ஸ் 3060-லும் 3584 கோர்கள்தான். டிரான்சிஸ்டர் எண்ணிக்கைகூட இரண்டு சிப்பிலும் ஏறத்தாழ 1200 கோடி. ஆனால் முன்னது வந்த அன்று 699 டாலர், கேம் ஆடுகிறவர்களுக்கான வரிசையில் உச்சாணிக் கொம்பு. பின்னது 329 டாலர், நடுத்தர ரகம்.

செகண்ட்ஹேண்டில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல்முறை பிசி கட்டுகிறவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "1080-ஐ விட 3060 பெரிய நம்பர், அதுவும் புதுசு. அப்போ அதுதானே வேகம்?" இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. எந்த கேம், எந்தத் திரை, எந்த செட்டிங் என்று தெரியாமல் "இது வேகம், அது மெதுவு" என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாமல் இருப்பது நல்லது. இந்த ஜோடியையே வைத்துக்கொண்டு விஷயத்தைப் பார்ப்போம். ஒப்பீட்டில் வழுக்கி விழ என்னென்ன இடங்கள் உண்டோ, அத்தனையும் இந்த ஒரு ஜோடியிலேயே இருக்கின்றன.

முதலில் பெயர். 3060 என்பதை மூவாயிரத்து அறுபது என்று படிக்கக் கூடாது. 30, 60 என்று பிரித்துப் படிக்க வேண்டும். 30 என்பது தலைமுறை, 60 என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். அதேபோல் 1080 என்றால் பத்தாம் வரிசையில் 80-ஆம் படி. கடைசியில் டிஐ ஒட்டியிருந்தால் அதே எண்ணின் கொஞ்சம் பலமான பதிப்பு. ஆக நாம் ஒப்பிடுவது பழைய தலைமுறையின் மேல்படியையும் புதிய தலைமுறையின் நடுப்படியையும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி இறங்கினால் பழைய வேகம் கிடைக்கும் என்று கடைகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். பல சமயம் அது ஒத்துவரும், சில சமயம் காலை வாரும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, தன் முந்தைய தலைமுறையின் அதே படியில் இருந்த 3060 டிஐ-யைக்கூடப் பெரிதாகத் தாண்டவில்லை.

லேப்டாப்பில் பெயரை நம்பவே வேண்டாம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16384 கோர்கள். லேப்டாப்பில் அதே 4090 என்ற பெயரோடு வருவதில் 9728. பெயர் ஒன்று, சிப்பே வேறு.

இனி கோர் கணக்கு. கார்டு பெட்டியிலும் இணையத்திலும் டெராஃப்ளாப்ஸ் என்று ஒரு எண் போடுவார்கள், நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு என்பது அது. அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அதன் மீதுள்ள பயபக்தி போய்விடும். கோர் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்த்துச் செய்யும், அதற்காகத்தான் அந்த இரண்டு. 1080 டிஐ-யின் பூஸ்ட் வேகம், அதாவது வேலை வரும்போது ஏறும் கடிகார வேகம், 1582 மெகாஹெர்ட்ஸ் (1.582 கிகாஹெர்ட்ஸ்). 3584 × 1.582 × 2 போட்டால் சுமார் 11,340 கிகாஃப்ளாப்ஸ் வரும், அதாவது 11.3 டெராஃப்ளாப்ஸ். 3060-இன் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். அதற்கு 12.7 வருகிறது.

காகிதத்தில் புதியது 12 சதவீதம் முன்னால் நிற்கிறது. ஆனால் 3060 வந்த காலத்து கேம்களில், ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது, பழைய 1080 டிஐ அதற்குச் சமமாகவும் பல கேம்களில் ஒரு பிடி முன்னாலும் நின்றது. எப்படி?

கோர்கள் செய்வது கணக்கு மட்டும். ஒரு காட்சி திரைக்கு வர வேறு வேலைகளும் நடந்தாக வேண்டும். சுவர், துணி, தோல் போன்றவற்றின் மேற்பரப்புப் படங்களை எடுத்து ஒட்டுகிற டெக்ஸ்சர் யூனிட்டுகள் 1080 டிஐ-யில் 224, 3060-இல் சரிபாதி, 112. முடிந்த பிக்சலை நினைவகத்தில் எழுதுகிற ஆர்ஓபி யூனிட்டுகள் அதில் 88, இதில் 48. போதாததற்கு நினைவக வேகம். கொத்தனார் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணி வீடு எப்போது முடியும் என்று சொல்ல முடியுமா? கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கச் சித்தாள் இல்லாவிட்டால் கொத்தனார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். கார்டில் அந்தச் சித்தாள் வேலைதான் மெமரி பேண்ட்வித்.

இதையும் கையால் போடலாம். நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலத்தை பிட் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு பிட் பாதையிலும் நொடிக்கு எத்தனை கிகாபிட் போகிறது என்பதால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். 1080 டிஐ-க்கு 352 பிட் அகலம், 11 கிகாபிட் வேகம். விடை நொடிக்கு 484 ஜிபி. 3060-க்கு 192 பிட், 15 கிகாபிட். விடை 360 ஜிபி. நான்கு வருடம் கழித்து வந்த கார்டில் பாதை கிட்டத்தட்ட பாதியாகக் குறுகிவிட்டது. நினைவகச் சில்லுகள் வேகமானவை என்பதால் ஓரளவு ஈடுகட்டியது, முழுவதும் அல்ல.

சரி, அப்படியானால் பேண்ட்வித்தைப் பார்த்து வாங்கலாமா என்றால், அதுவும் ஏமாற்றும். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-இன் பேண்ட்வித் வெறும் 272 ஜிபி. கோர்களும் குறைவு, 3072. ஆனாலும் 1080பி (1920 × 1080 பிக்சல்) திரையில் அது 3060-ஐத் தெளிவாகவே முந்துகிறது. கடிகார வேகம் கூடியது ஒரு காரணம். சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேச் 3 எம்பியிலிருந்து 24 எம்பி ஆனது இன்னொரு காரணம். அடிக்கடி தேவைப்படுகிற தரவு சிப்புக்கு உள்ளேயே கிடைத்துவிட்டால், வெளியே நினைவகத்துக்குப் போகும் தேவையே குறைகிறது.

கோர் எண்ணிக்கையில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4352 கோர்கள். 2020-இல் வந்த 3070-இல் 5888. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், ஆனால் கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். காரணம், இடையில் எண்ணும் முறையே மாறிவிட்டது. 2080 டிஐ-யின் ஒவ்வொரு தொகுதியிலும் தசமக் கணக்குக்கு 64 அலகு, முழு எண் கணக்குக்குத் தனியாக 64 அலகு. இதில் முதல் 64-ஐ மட்டும்தான் கோர் என்று எண்ணினார்கள். அடுத்த தலைமுறையில் அந்த இரண்டாவது 64-ஐயும் தசமக் கணக்குப் போடப் பழக்கி, 128 கோர் என்று எழுதிவிட்டார்கள். பொய் இல்லை. ஆனால் முழு எண் வேலை வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது பாதி அங்கே போய்விடும், கேம்களில் அந்த வேலை கணிசமாகவே வரும். ஆகவே கோர் எண்ணிக்கை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே உதவும். போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டு கோரையும் என்விடியா கார்டின் கோரையும் எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவது வெட்டி வேலை.

அப்படியென்றால் எதைத்தான் பார்ப்பது?

கேமை ஓட்டிப் பார்த்து அளந்த எண்ணைத்தான். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்கிற எஃப்பிஎஸ். அதுவும் இரண்டு கார்டையும் ஒரே பிசியில், ஒரே கேமின் ஒரே காட்சியில், ஒரே செட்டிங்கில் மாற்றி மாற்றிப் போட்டு அளந்ததாக இருக்க வேண்டும். 2017-இல் ஒருவர் 1080 டிஐ-யை அளந்த எண்ணையும் 2021-இல் வேறொருவர் 3060-ஐ அளந்த எண்ணையும் அருகருகே வைத்தால் அது ஒப்பீடே ஆகாது. இடையில் பிராசசர் மாறியிருக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் மாறியிருக்கும், அந்த கேமுக்கே பத்து அப்டேட் வந்திருக்கும்.

அளந்த எண் கிடைத்த பிறகும் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். ஒரு நொடியை எடுத்துக்கொள்வோம். முதல் கார்டு 60 படங்களையும் சீராக, ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடியில் தருகிறது. இரண்டாவது கார்டு 59 படங்களைத் தலா 15 மில்லிநொடியில் தந்துவிட்டு, ஒரே ஒரு படத்துக்கு மட்டும் 115 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. 59-ஐ 15-ஆல் பெருக்கினால் 885, அதோடு 115 சேர்த்தால் 1000. இரண்டுக்குமே சராசரி 60 எஃப்பிஎஸ். ஆனால் இரண்டாவது கார்டில் ஆடுகிறவருக்கு நொடிக்கு ஒருமுறை திரை திக்கி நிற்கும். குறி வைத்துச் சுடும் நேரத்தில் அப்படி நின்றால் என்ன ஆகும் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பிடிக்கத்தான் நல்ல ஒப்பீடுகளில் "1% லோ" என்று இன்னொரு எண்ணும் தருகிறார்கள். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு படங்களின் நிலவரம் அது. சராசரியில் ஒன்றாக இருக்கும் இரண்டு கார்டுகளில் எது மேல் என்று எனக்குச் சந்தேகம் வந்தால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

சதவீதத்திலும் உஷார். பழையது 40 எஃப்பிஎஸ், புதியது 60 என்றால், புதியது 50 சதவீதம் வேகம். அதையே திருப்பிச் சொன்னால் பழையது 33 சதவீதம்தான் மெதுவு. விற்கிறவர் முதலாவதைச் சொல்வார், பழையதை வைத்திருப்பவர் இரண்டாவதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வார். இருவர் சொல்வதும் சரி.

உங்கள் பிராசசரையும் மறக்காதீர்கள். கார்டு வரைவதற்கு முன்னால், எதை வரைய வேண்டும் என்று பிராசசர் சொல்ல வேண்டும். அது நொடிக்கு 70 படத்துக்கு மேல் தயார் செய்யாது என்றால், எந்தக் கார்டைப் போட்டாலும் 70-தான் வரும். இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. இப்போது இருக்கும் கார்டிலேயே கேமின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது, புதிய கார்டு உதவும். ஏறவே இல்லை என்றால் தடை பிராசசரில். அப்போது கார்டுக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

வேகத்தில் அடங்காத விஷயங்கள்

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் 1080 டிஐ வாங்கியவர் புத்திசாலி. பல வருடம் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் ஒரு கட்டத்தில் ஒப்பீடு "எது வேகம்" என்பதிலிருந்து "எதில் ஓடும்" என்பதற்கு மாறிவிட்டது.

2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 வந்தது. அந்த கேம் காட்சியின் வடிவங்களைக் கையாள மெஷ் ஷேடர் என்ற புது வழியை நம்பிக் கட்டப்பட்டது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து அதற்கான ஏற்பாடு சிப்பிலேயே உண்டு, 1080 டிஐ-யில் கிடையாது. அதுவரை 3060-க்குச் சமமாக நின்ற கார்டு அங்கே மண்ணைக் கவ்வியது. அடுத்த ஆண்டு ஒரு அப்டேட்டில் பழைய கார்டுகளுக்கு நிலைமையைக் கொஞ்சம் சீராக்கினார்கள். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரே டிரேசிங்குக்கான வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும் என்று குறைந்தபட்சத் தேவையிலேயே எழுதிவிட்டார்கள். 11 டெராஃப்ளாப்ஸ் இருந்தென்ன, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது அப்ஸ்கேலிங். கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, பிறகு பெரிதாக்கிக் காட்டும் வித்தை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 20 வரிசைக்கு முந்திய கார்டுகளில் வேலை செய்யாது. ஏஎம்டி 2021-இல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் பழைய கார்டுகளிலும், ஏன், என்விடியா கார்டுகளிலும்கூட ஓடியது. படத்தின் தரத்தில் டிஎல்எஸ்எஸ் ஒரு படி மேல் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தவரை உண்மை. ஆகவே 3060-இல் டிஎல்எஸ்எஸ் போட்டு ஆடுகிறவருக்கும் 1080 டிஐ-யில் அப்படியே ஆடுகிறவருக்கும் இடையே, சாதாரண ஒப்பீட்டில் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயம்தான். ஆனால் சேர்த்ததைச் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

சொல்லாமல் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஜனவரியில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்தது. என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிமுகப்படுத்தி, 549 டாலரில் 4090-இன் செயல்திறன் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது சாத்தியமில்லை என்றும் அவரே சொன்னார், ஆனால் தலைப்புச் செய்தியில் அந்தப் பாதி காணாமல் போனது. விஷயம் என்னவென்றால், 5070 மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் என்ற முறையில், கேம் உண்மையாக வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் இடையில் மூன்று படங்கள் வரை தானே உருவாக்கிச் செருகும். எஃப்பிஎஸ் காட்டும் கவுண்டரில் எண் எகிறும், திரை வழவழப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்குக் கேம் பதில் சொல்வது உண்மையான படத்தில் மட்டும்தான். அந்தத் தாமதம் குறையாது. செருகிய படங்களை விலக்கிவிட்டு அளந்தால் 5070 எங்கே, 4090 எங்கே! நிறுவனங்கள் காட்டும் பட்டை வரைபடங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வரைபடத்தை விட்டுவிட்டு அந்த வரியை முதலில் படிக்கிற பழக்கம் நல்லது.

நினைவக அளவுக்கு வருவோம். இது வேகம் மாதிரி படிப்படியாகத் தெரிவதில்லை. போதும் என்கிறவரை எந்த வித்தியாசமும் இருக்காது, போதாமல் போன நொடியில் எல்லாம் சரியும். 3060-க்கு 12 ஜிபி கொடுத்தார்கள், அதைவிட விலை கூடிய 3060 டிஐ-க்கு 8 ஜிபிதான். பெரும்பாலான கேம்களில் டிஐ நன்றாகவே வேகம். ஆனால் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து 8 ஜிபி நிரம்பும் கேமில் தலைகீழ். நிரம்பியதும் மிச்சம் பிசியின் ரேமுக்குப் போகும், அங்கிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாகத் திரும்ப வர வேண்டும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-யில் 16 பாதையும் திறந்திருந்தால்கூட நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான். 3060 டிஐ கார்டுக்குள் 448, வெளியே 16. திக்காமல் என்ன செய்யும்?

2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதில் இரண்டு பக்கமும் அடிவாங்கியது. நினைவகம் 4 ஜிபி மட்டும். பிசிஐஇ-யில் 16 பாதைக்குப் பதில் 4. புது மதர்போர்டில் பரவாயில்லாமல் ஓடியது. பட்ஜெட் கார்டு வாங்குகிறவரிடம் புது மதர்போர்டு எங்கே இருக்கும்? மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள பழைய போர்டில் மாட்டினால் அந்த நான்கு பாதையின் வேகமும் பாதியாகி, தன் முந்தைய தலைமுறையின் 5500 எக்ஸ்டி 8 ஜிபி கார்டிடமே தோற்றது. பெயரில் ஆயிரம் கூடியிருக்கிறது என்று நம்பி வாங்கியவர்கள் பாவம்.

மின்சாரக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1080 டிஐ முழு வேகத்தில் 250 வாட், 3060 அதே வேலைக்கு 170 வாட். 80 வாட் வித்தியாசம், தினம் நான்கு மணி நேரம் ஆடினால் மாதம் பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மின்கட்டணத்தைவிட எனக்கு இதில் பெரிதாகப் படுவது வெப்பமும் பவர் சப்ளையும்தான். பழைய கார்டு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, அதற்காகப் பவர் சப்ளையையும் மாற்றினால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

டிரைவர் விஷயம் இப்போது முக்கியமாகிவிட்டது. 1080 டிஐ உள்ளிட்ட பத்தாம் வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். இன்றைக்கு ஓடுகிற கேம்கள் நாளைக்கும் ஓடும். இனி வரப்போகிறவை சரியாக ஓடும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், அவ்வளவுதான். கேம் தவிர்த்த வேலை இருப்பவர்களுக்கு முடிவு இன்னும் எளிது. ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவை கார்டிலேயே விரித்துக் காட்டும் வசதி 30 வரிசையில் உண்டு, 10 வரிசையில் இல்லை. செயற்கை நுண்ணறிவு மாடல்களை வீட்டுப் பிசியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கும் அந்தக் கணக்குக்கென்றே உள்ள டென்சர் கோர்களும் 12 ஜிபியும் உள்ள 3060-தான், மறுபேச்சு இல்லை.

ஆக இரண்டில் எது? கையில் ஏற்கெனவே 1080 டிஐ இருந்து, ஆடுவது பழைய கேம்களும் ஆன்லைன் கேம்களும் என்றால் 3060-க்கு மாறுவது காசுக்குப் பிடித்த கேடு. எஃப்பிஎஸ்ஸில் பெரிய வித்தியாசம் எதையும் பார்க்க மாட்டீர்கள். மாறுவதானால் இரண்டு மடங்காவது வேகம் தரும் கார்டுக்கு மாறுங்கள். கையில் எதுவும் இல்லை, இன்றைக்குத்தான் வாங்கப் போகிறேன் என்றால், இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால்கூட நான் 3060 பக்கம்தான்.

செகண்ட்ஹேண்டில் இதைவிடச் சின்னக் கார்டு தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உலவுகின்றன. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு, நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் சத்தமில்லாமல், சாதாரண பிசி ரேமில் இருக்கும் டிடிஆர்4 போட்டு ஒன்றை விட்டார்கள், 17 ஜிபிகூடத் தேறாது. கேமில் பல இடங்களில் பாதி வேகம்கூட வராது. இங்கே புதியதுதான் மட்டம். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிடி 1030 என்பது மட்டுமே. கடைக்காரரை கார்டைப் பிசியில் மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். மெமரி டைப் என்ற வரியில் ஜிடிடிஆர்5 என்று வந்தால் விலை பேசலாம், டிடிஆர்4 என்று வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.